புனித நிக்கோலாஸிடம் போன விளக்கு

கிரிசாந்தி இன்றைக்கும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

எர்மூபோலி துறைமுகத்துக் காப்பிக்கடையில் நாற்காலிகள் இன்னும் மேசைகளின்மேல் தலைகீழாகக் கிடந்தன. கடைக்காரன் அவளுக்காக ஒன்றை மட்டும் இறக்கிப் போட்டுவிட்டு, அவளைச் சுற்றித் தரை துடைத்துக்கொண்டிருந்தான். துப்பறிவாளர் திமோலியோன் கரீஸும் அவருடைய உதவியாளன் பந்தெலிஸும் உள்ளே நுழைந்தபோது அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே எழுந்து நின்றாள்.

"நீங்க வரமாட்டீங்களோன்னு நெனச்சேன் சார்."

"சேவலே இப்பத்தாம்மா கொட்டாவி விடுது," என்றான் பந்தெலிஸ். "உங்க கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்டுது? கிழக்கே எங்கேயாவதா?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்பா கல்யாணத்துக்குப் போட்ட சாவிக் கடிகாரமாம். இந்த வசந்தத்திலிருந்து நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறதாம். பழுது பார்க்கிறவன் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிக் கொடுத்துவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயக் கதவு திறப்பதற்குள் போய்ப் படியில் நிற்கிறாளாம். பந்தெலிஸ் சிரித்தான். கரீஸுக்குக் காப்பிமேல்தான் கண்.

விஷயம் இதுதான். கிரிசாந்தியின் தம்பி கப்பித்தான் யாக்கோவோஸ் பெலெரிஸ், 'அனெமோனி' என்ற சின்னச் சரக்குக் கப்பலை ஓட்டுகிறவன். இரும்புக் கப்பல், ஆனால் கைக்கடக்கம். வழக்கமாகப் பிரேயஸ் துறைமுகத்துக்கும் இந்தச் சீரோஸ் தீவுக்கும் இடையில் போய்வருகிறது. போன மாதம் ஒருநாள் மட்டும் சிமென்ட் மூட்டைகளோடு தென்மேற்கே ஒரு தீவுக்குக் கிளம்பினான். விடியலுக்கு முன்னால் வானம் பளிச்சென்று இருந்தது, அதனால் ரேடாரைப் போடவில்லை. பிறகு பனிமூட்டம் திடீரென்று இறங்கியது. ரேடாரைப் போட்டான். அது சூடாவதற்குக் கேட்கிற மூன்று நிமிஷம் முடிவதற்குள் ஆட்டுப்பல் பாறையில் கப்பல் ஏறிவிட்டது. தளத்தில் முன்பக்கம் நின்றிருந்த ஸராந்திஸ் என்ற மாலுமி கடலில் விழுந்தான். மறுநாள்தான் கிடைத்தான்.

கப்பித்தான் சொன்ன திசையில் கப்பல் போயிருந்தால் ஆட்டுப்பல் பாறை கண்ணுக்கே தெரியாத தூரத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும். துறைமுக அலுவலகத்துக்காரர்கள் கப்பலை இழுத்து வந்து திசைகாட்டியைச் சோதித்தார்கள், சரியாக இருந்தது. ரேடாரைச் சோதித்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. அப்படியானால் கோளாறு மனிதனிடம்தான். தூங்கியிருக்கிறான், இல்லை குடித்திருக்கிறான். நாளைக்கு விசாரணை. உரிமம் போவது நிச்சயம், ஜெயிலுக்கும் போகலாம்.

யாக்கோவோஸ் வாயைத் திறந்தால்தானே? நேற்று கரீஸ் அவனைப் போய்ப் பார்த்தார். அவன் எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"பாறை இருந்த இடத்துலதான் சார் இருந்துச்சு. நான்தான் போய் இடிச்சேன். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? அக்கா பேச்சைக் கேட்டு வந்துட்டீங்க, போயிட்டு வாங்க."

இப்படித் தன் கழுத்துக்குத் தானே கயிறு எடுத்துக் கொடுக்கிறவனைப் பார்த்தால் கரீஸுக்கு மூக்கில் வியர்க்கும். யாரையோ மறைக்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டார். அதுவரை சரியாகத்தான் யோசித்திருந்தார்.

"சாயங்காலம் கப்பலுக்கு வந்துடுங்கம்மா," என்றார் கிரிசாந்தியிடம். "உங்க தம்பிமேல தப்பில்லைன்னு உங்க கண்ணெதிர்லயே காட்டறேன்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். எப்படிக் காட்டுவார் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. தன் கையிலுள்ள சீட்டைக் கடைசிச் சுற்றுவரை பொத்தி வைத்துக்கொள்கிற ஆள் அவர். கேட்பவர்கள் வாயைப் பிளக்க வேண்டும், அதைப் பார்க்காவிட்டால் அவருக்குத் துப்பறிந்த மாதிரியே இருக்காது. அன்றைக்கு அந்த மேசையில் அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையே?" வெளியே வந்ததும் பந்தெலிஸ் காதைக் கடித்தான். "என்னத்தைக் காட்டப் போறீங்க?"

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்குல்ல?"

"நல்ல திட்டம். நான் கப்பல்ல சமைச்சப்பவும் இப்படித்தான். மொதல்ல மணி அடிச்சுடுவேன், அப்புறம் மீன் பிடிக்கப் போவேன்."

கரீஸிடம் ஒரே ஒரு நூல்தான் இருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் அனெமோனியின் ரேடாருக்கு நெக்டாரியோஸ் என்பவன் புது மேக்னெட்ரான் போட்டிருந்தான். ரேடாரின் உயிரே அதுதான். துறைமுகத்தில் அதற்கு யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, பழைய ரேடியோக் குழாய்களைச் சொல்கிற மாதிரி விளக்கு என்றே சொல்வார்கள். ரேடாருக்கு விளக்கு மாற்றியாயிற்றா என்பார்கள். உண்மையிலேயே புது விளக்குப் போட்டானா, இல்லை பழசையே துடைத்து மாட்டிவிட்டுக் கை நீட்டினானா? சோதித்தபோது ஒழுங்காக ஓடிய ரேடார் கடலில் திணறியிருக்கலாம் அல்லவா? அப்படி இருந்துவிட்டால் பழி ஒரு திருட்டு மெக்கானிக்கின் தலையில் விழும், கப்பித்தான் தப்பித்தான். கரீஸுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

நெக்டாரியோஸின் பட்டறை சங்கிலிக் கிடங்குக்குப் பின்னால் இருந்தது. ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். கண்கள் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன. கரீஸ் சந்தேகத்தை ஜாடையாகச் சொன்னதும் அவன் முகம் கடுத்துவிட்டது. அலமாரியிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினான். குழந்தைக்குத் தொட்டிலாகப் போடலாம், அவ்வளவு பெரிய பெட்டி. உள்ளே நிறைய வைக்கோல் மாதிரி காகிதம், நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சாமான்.

"இந்தப் புழுக்கைக்கு இம்மாம் பெரிய வீடா?" என்றான் பந்தெலிஸ், கை நீட்டியபடி.

"வாட்ச்சைக் கழட்டிட்டுத் தொடுங்க," என்று நெக்டாரியோஸ் அவன் கையைத் தடுத்தான். "காந்தம் இருக்கு. பெட்டி பெருசா இருக்கறதே வேற இரும்பு பக்கத்துல வந்துடக் கூடாதுன்னுதான். இரும்பு ஒட்டுனா காந்தத்தோட தெம்பு போயிடும். வாட்ச் ஒட்டுனா வாட்ச்சோட நிதானம் போயிடும்."

பிறகு அவன் பழுதான ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு செப்புக் கட்டி, அதைக் கவ்விக்கொண்டு குதிரை லாடம் போல ஒரு காந்தம். கட்டியை அறுத்து வைத்திருந்தான். நடுவில் ஒரு துளை, அதைச் சுற்றிப் பூவிதழ் மாதிரி சின்ன அறைகள். துளையின் நடுவே ஒரு தண்டு.

"தண்டு பழுக்கச் சூடானாத்தான் அதுலேருந்து எலக்ட்ரான் கிளம்பும். அதுக்குத்தான் மூணு நிமிஷம்," என்றான். "கிளம்பினது நேரா வெளிச்சுவருக்கு ஓடத்தான் பாக்கும். காந்தம் விடாது. இழுத்து வளைச்சு, சுத்த விடும். சுத்தறப்போ ஒவ்வொரு அறை வாசலையும் உரசிக்கிட்டுப் போகும். காலி பாட்டில் வாயில ஊதினா ஊன்னு கத்துமில்ல? அந்த மாதிரி அறைங்க கத்தும். நம்ம காதுக்குக் கேக்காது. அந்தக் கத்தலைத்தான் மேல சுத்தற ஆன்டெனா வெட்டி வெட்டிக் கடல்மேல வீசுது. பாறையில பட்டுத் திரும்பி வந்தா திரையில புள்ளி விழும்."

"காந்தம் இல்லேன்னா?"

"வெறும் அடுப்பு."

"அடுப்புன்னா எனக்குப் புரியும்."

"உங்களுக்கு இன்னும் நல்லாவே புரியும். அமெரிக்காவுல இதே சாமானைப் பெட்டிக்குள்ள வெச்சுக் கோழி வேக வைக்கிறாங்க."

பந்தெலிஸ் மெய்மறந்து அந்தச் செப்புக் கட்டியைப் பார்த்தான். "இருபது வருஷம் கப்பல்ல சமைச்சேன். தலைக்கு மேல அடுப்பு சுத்திக்கிட்டு இருந்ததை ஒரு பயலும் சொல்லலையே."

கரீஸ் சிரிக்கவில்லை. "அனெமோனிக்குப் புதுசு போட்டீங்க, சரி. பழசு எங்கே?"

புதுசு போட்டால் பழசை உடைமைக்காரர் கையில் கொடுத்துவிடுவது அந்தத் துறைமுகத்து வழக்கம். நான் மாற்றவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதல்லவா? நெக்டாரியோஸ் அதைத்தான் சொல்லப் போகிறான் என்று கரீஸ் காத்திருந்தார். அவனோ செப்புக் கட்டியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

"பழசு புனித நிக்கோலாஸ்கிட்டப் போயிடுச்சு," என்றான் கடைசியில்.

"கடல்ல போட்டுட்டேங்கறார்," என்று பந்தெலிஸ் பெரிய மனுஷன் போல விளக்கம் சொன்னான். "மாலுமிங்களோட சாமி அவர்தானே. கடல்ல விழுந்த தட்டு, கரண்டி, தொப்பி எல்லாம் அவர் கணக்குதான்."

நெக்டாரியோஸ் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்த அறுத்த சாமானைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்டார் கரீஸ், விசாரணையில் காட்டலாம் என்று. அவன் அதைப் பெரிய பெட்டியில் வைத்துக் கொடுத்தான். பழக்கதோஷத்தில் எல்லோரிடமும் சொல்கிறதை அவர்களிடமும் சொன்னான்.

"பெட்டியை விட்டு வெளிய எடுக்காதீங்க. கப்பல்ல ஏறினா திசைகாட்டி பக்கத்துல..."

வாக்கியம் பாதியிலேயே நின்றுபோயிற்று. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மளமளவென்று பின்பக்கமாகத் திரும்பி எதையோ தேடுகிறவன் போல அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

தெருவுக்கு வந்ததும் கரீஸ் பந்தெலிஸின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"திசைகாட்டிடா! ரேடாரைப் போட்டு நோண்டிக்கிட்டு இருந்தோமே, கோளாறு திசைகாட்டியில."

"அதைச் சோதிச்சுட்டாங்களே அண்ணே. சரியா இருந்துச்சே."

"சோதிச்சப்போ சரியா இருந்துச்சு. பாறையில ஏறினப்போ? விளக்கை மாத்தின அன்னிக்குப் பழசைச் சுக்கான் அறையிலயே எங்கேயோ விட்டுட்டுப் போயிருக்கான் இந்த ஆள். விபத்து நடந்ததும் ஓடிப்போய் எடுத்துக் கடல்ல வீசியிருக்கான். புனித நிக்கோலாஸாம்! மூஞ்சியைப் பாத்தியா, ஒரு மாசமாத் தூங்கலை."

பந்தெலிஸ் பெட்டியைத் தன் உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு நடந்தான். "அப்படின்னா கப்பித்தான் எதுக்குண்ணே வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?" என்று நடுவில் ஒருதரம் கேட்டான். நல்ல கேள்விதான். ஆனால் கரீஸ் மனசுக்குள் சாயங்காலத்துக்கான பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தார், காதில் விழவில்லை.

அனெமோனியைக் கப்பல் பட்டறையின் சரிவுமேடையில் ஏற்றி வைத்திருந்தார்கள். வயிற்றில் கிழிசல் தெரிந்தது. பக்கத்துக் கப்பலில் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள், இரும்புத் தூள் காற்றில் பறந்து வந்து எல்லாவற்றின்மேலும் படிந்தது. கரீஸ் கப்பலின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று முதலில் பார்த்தார். தென்மேற்கு. பட்டறைக்காரன் தனக்காகவே ஏற்றி வைத்தது மாதிரி இருந்தது அவருக்கு.

சுக்கான் அறையில் கிரிசாந்தி ஏற்கெனவே இருந்தாள். மூலையில் சாமி படத்தின் முன்னால் சின்ன எண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டு, ஒதுங்கி நின்றாள். யாக்கோவோஸுக்குச் சொல்லவில்லையாம். அவன் வீட்டில் இல்லை, எங்கே போனானோ என்றாள்.

கரீஸ் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நடுவில் திசைகாட்டி, கண்ணாடிக்குக் கீழே வட்டத்தட்டு மெல்ல ஆடியது. வலப்பக்கம் ரேடார். இடப்பக்கச் சுவரில், கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், புனித நிக்கோலாஸின் படம். கனமான மரப்பலகையில் வரைந்தது. அதை மீன்பிடிக் கயிற்றால் மேலே போகிற குழாயோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முடிச்சு அவசரமாகப் போட்டது. கயிறு புத்தம் புதுசு.

இரும்புச் சுவரில் ஆணி இறங்காது, சரி. ஆனால் இத்தனை வருஷம் இந்தப் படம் எதைப் பிடித்துக்கொண்டு நின்றது?

அவர் படத்தை மெல்லத் தூக்கிப் பின்னால் பார்த்தார். அங்கே ஒட்டியிருந்த எதுவோ தன் இழுப்பைச் சுவரில் மிச்சம் விட்டுப் போயிருந்தது போல, வெள்ளைச் சாயத்தின்மேல் இரும்புத் தூள் படிந்து, அரைவட்டமாக வளைந்து, இரண்டு கால்களோடு கறுப்பாக ஒரு வடிவம்.

"குதிரை லாடம்," என்றான் பந்தெலிஸ். "அதிர்ஷ்டத்துக்கு மாட்டியிருப்பாங்க. நல்லா வேலை செஞ்சிருக்கு."

"பெட்டியைத் திற," என்றார் கரீஸ்.

பந்தெலிஸ் செப்புக் கட்டியைக் கழற்றிவிட்டு, காந்தத்தை மட்டும் இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தான். கரீஸ் அதைச் சுவருக்குக் கொண்டுபோனதும் அது அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் டக்கென்று ஒட்டியது. கறுப்புத் தடத்துக்கும் அதற்கும் இம்மி வித்தியாசமில்லை. திசைகாட்டியின் தட்டு யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பியது. தயங்கியது, இன்னும் கொஞ்சம் திரும்பியது, அங்கேயே நின்றுவிட்டது.

இந்த நிமிஷத்துக்காகத்தான் அவர் காலையிலிருந்து காத்திருந்தார். சட்டைக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பாருங்கம்மா. ரேடார் விளக்குல இருந்து கழட்டின காந்தம் இது. பழசானது விளக்குதான், காந்தம் பழசாகறதில்லை. பிரேயசுக்குப் போறப்பவும் வர்றப்பவும் இந்த இழுப்பு ஊசியோட நேர்லயே விழும், அதனால ஊசி அசையாது. ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. கப்பல் மூக்கைத் தென்மேற்கே திருப்பினா இழுப்பு குறுக்கே விழும், ஊசி பொய் சொல்லும். உங்க தம்பி தூங்கலை, குடிக்கலை. ஊசி காட்டின வழியில கண்ணும் கருத்துமா ஓட்டியிருக்கார். அந்த வழி நேரா ஆட்டுப்பல் பாறைக்குப் போச்சு."

கிரிசாந்தி அசையாமல் காந்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைப் பிளந்தாள்தான். கரீஸுக்கு அது போதவில்லை.

"இதை இங்கே வெச்சவன் யாரோ," என்றார், குரலைத் தாழ்த்தி, நாடகக்காரனைப் போல, "அவன்தான் ஸராந்திஸைக் கடல்ல தள்ளினவன்."

பக்கத்துக் கப்பலில் சுரண்டல் சத்தம் நின்றிருந்தது. பந்தெலிஸ் அவளைப் பார்த்தான், உடனே கரீஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். நேரம் கடந்துவிட்டது.

"நான்தான் வெச்சேன்," என்றாள் கிரிசாந்தி.

கரீஸுக்கு முதலில் விளங்கவில்லை.

"படம் கீழ விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அலை அடிச்சா விழும். ஒருதரம் ஓரம் உடைஞ்சுபோச்சு. நெக்டாரியோஸ் பழைய விளக்கை வீட்டுல கொண்டாந்து குடுத்தான், தம்பி அப்போ பிரேயசுல. இரும்பை இப்படிப் பிடிக்குதே, இதைக் கழட்டிக் குடேன், சாமியைப் பிடிச்சுக்கட்டும்னேன். இத்தனை வருஷம் தம்பிக்கு ராத்திரியில வழி காட்டின விளக்குல இருந்தது, புனித நிக்கோலாஸ் பக்கத்துலயே இருக்கட்டும்னு நெனச்சேன். மடியில வெச்சுத் துடைச்சு, பெரிய வியாழனன்னிக்கு நானே கொண்டாந்து படத்துக்குப் பின்னால கட்டி வெச்சேன்."

புனித நிக்கோலாஸிடம் போயிற்று. நெக்டாரியோஸ் சொன்னது முழு உண்மை. வீட்டுச் சாமிக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, எச்சரிக்காமல் கொடுத்திருக்கிறான். அன்றைய பட்டறைப் பேச்சு ஒவ்வொன்றாகக் கரீஸின் தலையில் விழுந்தது. வாட்ச் ஒட்டுனா வாட்ச்சோட நிதானம் போயிடும். அவர் பார்வை தானாக அவள் மணிக்கட்டுக்குப் போயிற்று. வசந்தத்திலிருந்து நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிற கடிகாரம். காலையில் அவருக்கு எதிரிலேயே டிக்டிக்கென்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

தன் வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் தம்பியைக் காப்பாற்றச் சொல்லி வந்தவள். அவளைக் கூட்டி வந்து, நிற்கவைத்து, கொலைகாரி என்று சொல்லியாயிற்று. அதுவும் குரலைத் தாழ்த்தி, அழகாக.

ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாக்கோவோஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தான், பின்னாலேயே நெக்டாரியோஸும். மெக்கானிக் பட்டறையைச் சாத்திவிட்டு நேரே அவனைத் தேடிப்போய் இழுத்து வந்திருக்கிறான். யாக்கோவோஸ் சுவரிலிருந்த காந்தத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். யாரும் அவனுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"போங்கன்னு சொன்னேனே சார்," என்றான் கரீஸிடம். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் கிரிசாந்தி.

"கப்பல் பாறைமேல உக்காந்திருந்தப்பவே தெரியும். பனி விலகி சூரியன் தெரிஞ்சுது. ஊசியைப் பார்த்தேன், சூரியனைப் பார்த்தேன். ரெண்டும் ஒத்துப்போகல. தேடிப் பார்த்தேன், சாமிக்குப் பின்னால இருந்துச்சு. அந்தப் படத்தைத் தொடறவ நீ ஒருத்திதானே. பிடுங்கிக் கடல்ல போட்டுட்டு அவரைக் கயித்துல கட்டினேன்." அவன் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, ரேடாரைச் சூடாவே வெச்சிருந்தா நான் பாறையைப் பாத்திருப்பேன். விளக்கு தேஞ்சுடும்னு அணைச்சு வெச்சு மிச்சம் பிடிச்சேன். அது என் தப்பு. கப்பித்தான் நான். என்னோடயே போகட்டும்."

"சொல்லாம குடுத்தவன் நான்," என்றான் நெக்டாரியோஸ் வாசலிலிருந்து. "எல்லார்கிட்டயும் சொல்லுவேன். அக்காகிட்ட மட்டும் சொல்லல."

மூன்று பேரும் ஒரு பாரத்தை ஆளாளுக்குத் தன் பக்கம் இழுத்தார்கள். விசாரணைகளில் கரீஸ் இதற்கு நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறார். அங்கே நிற்கக் கூசியது அவருக்கு. போகவும் முடியவில்லை, வாசலை நெக்டாரியோஸ் அடைத்துக்கொண்டு நின்றான். பந்தெலிஸ் காந்தத்தைச் சுவரிலிருந்து பெயர்த்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினான். திசைகாட்டி திரும்பித் தன் இடத்துக்கு வந்தது.

"நாளைக்கு நான் சொல்லுவேன்," என்றாள் கிரிசாந்தி.

"வேணாங்கா. நீ சொன்னா ஸராந்திஸோட அம்மா உன்னைத்தான் பாக்கும். ஞாயித்துக்கிழமை கோயில்ல உன் பக்கத்துலதான் வந்து நிக்குது அந்தம்மா."

"தெரியும். போன வாரம் என் தோள்ல சாஞ்சு அழுதா. நான் தட்டிக் குடுத்தேன்." அவள் சாமி படத்தின் கயிற்று முடிச்சை இறுக்கினாள். "நாளைக்கு அலுவலகத்துல எல்லார் முன்னாடியும் அவ கேக்கக் கூடாது யாக்கோவே. இன்னிக்கே வீட்டுக்குப் போய் நானே சொல்லிடறேன். எல்லா இடத்துக்கும் முன்னாடியே போய் நிக்கறவதானே நான். இதுக்கு மட்டும் ஒரு மாசம் லேட்டு."

யாக்கோவோஸ் அவள் கையைப் பிடித்தான். அவள் மெல்ல விடுவித்துக்கொண்டாள். கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். எண்ணெய் விளக்கை அணைக்கப் போனவள் அணைக்காமல் திரும்பினாள். நெக்டாரியோஸ் ஒதுங்கி வழிவிட்டான்.

வாசலில் அவள் நின்றாள்.

"சார், உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுது. ஒண்ணு கேக்கட்டுமா? தம்பி வீசினது பாறைக்குக் கீழதானே கிடக்குது. தண்ணிக்குள்ள கெட்டுப்போகாதா? இல்ல இன்னும் இழுத்துக்கிட்டேதான் இருக்குமா?"

பந்தெலிஸ் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து கரீஸைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினான். யாக்கோவோஸும் பார்த்துக்கொண்டிருந்தான். கரீஸுக்கு விடை தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை அவருக்கு.

"இருக்கும்மா," என்றார்.

அவள் தலையசைத்தாள், எதிர்பார்த்ததைக் கேட்டவள் மாதிரி. ஏணியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கினாள். சரிவுமேடையைத் தாண்டி, மேட்டுத் தெருவுக்குத் திரும்பும் மூலைவரை அவள் போவது தெரிந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கரீஸ் அவள் மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.